மார்புக்கு மேல்

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஜாஃபர்கான்பேட்டையிலிருந்து அம்மா போன் செய்தார். நான் பெங்களூரில், மடிவாளா அறையில், லேப்டாப்பில் ஒரு தமிழ் நியூஸ் சேனலின் நேரலையை ஓடவிட்டு ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய், டிவில என்ன சொல்றாங்க? இங்க மத்தியானத்துலேர்ந்து கரண்ட் இல்ல.”

அடையாற்றிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வேறு மாநிலத்தில் இருப்பவனிடம் ஆற்றின் நிலவரம் கேட்கிறார். அப்போது அதில் எந்த விசித்திரமும் எனக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்தேன். தாம்பரம் பக்கம் ஒரு தெருவில் படகு போனது. ஒரு சுரங்கப்பாதையில் பேருந்து பாதி மூழ்கி நின்றது. முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்று ஒரு நிருபர் பேசினார். மறுபடியும் படகு, மறுபடியும் பேருந்து.

“நம்ம ஏரியா பத்தி ஒண்ணும் காட்டலம்மா. பயப்படாம தூங்குங்க.”

இதைச் சொல்லும்போது திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது என்பது செய்தி. அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அம்மாவைத் தூங்கச் சொன்னேன்.

அடுத்த மூன்று நாள் அவர்களுடைய போன் கிடைக்கவில்லை.

டிவியில் காட்டவில்லை என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று, பொறியியல் படித்த ஒருவன் எப்படி அவ்வளவு சாதாரணமாக நம்பினான்? பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். அந்த நம்பிக்கை எனக்குத் தனியாக வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

நம் தாத்தாக்களின் காலத்தில் வெள்ளச் செய்தியின் பிரச்சினை தாமதம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் கடலுக்குள் போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து, பாம்பன் பாலமும் சிதைந்திருந்ததால் ரயில் போன சேதி வெளியே உடனே தெரியவில்லை. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாவில் கடல் ஊருக்குள் வந்தது. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. அதற்கும் படங்கள் வெள்ளம் வடிந்த பிறகே வந்தன. சேற்றில் கிடந்த மாடுகளும் கூரையில்லாத சுவர்களும்தான் அந்தக் காலத்து வெள்ளப் படங்கள்.

சென்னைக்கு 1975 ஆகஸ்டில் தூர்தர்ஷன் வந்தது. 1985 நவம்பரில் அடையாறு கரை மீறியபோது அப்பா கல்யாணமாகாத இளைஞர். அந்த வெள்ளத்தை டிவியில் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. “டிவி யார் வீட்டுல இருந்துச்சு? ஆத்தப் பாக்கணும்னா ஆத்துக்குத்தான் போவோம்” என்பார். சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து தெருவில் சொல்வார்களாம். அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேச எனக்கு ஆசையில்லை, அப்போதும் ஆட்கள் செத்தார்கள். ஆனால் பார்த்தவனும் கேட்டவனும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தார்கள். அம்மா என்னிடம் போனில் கேட்ட அந்த இரவில் அந்த ஏற்பாடு தலைகீழாகியிருந்தது.

எங்கே தலைகீழானது என்று தேடினால், வெள்ளத்தை டிவி கையாளும் முறைக்கு ஒரு பிறந்தநாள் போலவே ஒன்று கிடைக்கிறது. ஆனால் அது நம் ஊரில் நடக்கவில்லை.

*

1961 செப்டம்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையை நோக்கி கார்லா என்ற சூறாவளி வந்துகொண்டிருந்தது. ஹூஸ்டன் நகரத்து உள்ளூர் டிவி நிலையத்தில் வேலை பார்த்த டான் ராதர் என்ற நிருபர், கால்வெஸ்டன் தீவிலிருந்த வானிலை அலுவலகத்துக்குத் தன் ஆட்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ரேடார் இருந்தது. அதன் திரையில் புயல் ஒரு வெள்ளைச் சுழலாகத் தெரிந்தது. பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று விளங்காதே என்று யோசித்து, அங்கிருந்த வானிலையாளர் ஒருவரை ஒரு பிளாஸ்டிக் தாளில் மெக்சிகோ வளைகுடாவின் கரைக்கோட்டை வரையச் சொன்னார். அந்தத் தாளை ரேடார் திரைமேல் பிடித்தார்கள். கேமரா அதைக் காட்டியது. வளைகுடாவின் பெரும்பகுதியைப் புயல் அடைத்துக்கொண்டிருப்பது சாதாரண ஆளுக்கும் ஒரே பார்வையில் புரிந்தது.

அந்தக் கரையோரத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். கால்வெஸ்டன் 1900-இல் ஒரே புயலில் ஆயிரக்கணக்கானவர்களை இழந்த ஊர். அதைவிடப் பரப்பில் பெரிய கார்லாவில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. எல்லாம் டிவியால்தான் என்று சொல்லமாட்டேன், இடையில் கடல்சுவரும் கட்டியிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் தாளுக்கு அதில் பங்கு உண்டு.

அந்தப் புயலிலிருந்து டிவி கற்றுக்கொண்டிருக்கக்கூடிய பாடங்கள் இரண்டு. ஒன்று அந்தத் தாள்: பார்ப்பவன் தன் ஊரைக் கண்டுபிடிக்க ஒரு வரைபடம், அதன்மேல் ஆபத்து. இன்னொன்று, புயலுக்குள் போய் நின்ற இளம் நிருபர். சிபிஎஸ் அவரைத் தேசிய நிருபராக எடுத்துக்கொண்டது, பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பிரபலமான செய்தி முகங்களில் ஒருவரானார். உலகமெங்கும் நியூஸ் சேனல்கள் இரண்டாவது பாடத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. காற்றில் சாயும் நிருபர், தண்ணீரில் நிற்கும் நிருபர். நம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அந்த நிருபர்தான்.

*

இங்கே தனியார் டிவி 90-களில் வந்தது. 2000-த்தை ஒட்டி 24 மணி நேரச் செய்திகள். தமிழில் சன் நியூஸ் முதலில், பிறகு 2011-இல் புதிய தலைமுறை, 2012-இல் தந்தி டிவி, இன்னும் பல. நாள் முழுக்கச் செய்தி என்றால் நாள் முழுக்கப் படம் வேண்டும். வெள்ளம் படம் தரும் செய்தி. அப்படியானால் எல்லா வெள்ளமும் திரைக்கு வந்திருக்க வேண்டுமே?

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நியூஸ் சேனல்களுக்கு ஸ்டூடியோ வாசலிலேயே வெள்ளம். அதே மழையில் ராய்கட் மாவட்டத்து மஹாட் பகுதியில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. நமக்கு ஞாபகம் இருப்பது மும்பை மட்டும்.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு பிகாருக்குள் இறங்கியது. முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. அதே நாளில்தான் பாகிஸ்தானில் முஷரஃப் பதவி விலகினார். பெய்ஜிங்கில் ஒலிம்பிக்ஸும் நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, பிரதமர் மன்மோகன் சிங் விமானத்தில் பார்த்துவிட்டுத் தேசியப் பேரிடர் என்றார். கோசி முழுத் தேசியச் செய்தியானது அதை ஒட்டித்தான்.

பிறகு 2013 ஜூன், உத்தராகண்ட். கேதார்நாத் கோயிலுக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்த வெள்ளம். அப்போது இணையத்தில் பரவிய ஒரு வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஹிந்திச் சேனலின் நிருபர், வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவரின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு, மைக்கைப் பிடித்து, அரசாங்கம் உதவவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார். கீழே அந்த மனிதர் ஓடும் தண்ணீரில் தடுமாறிக்கொண்டிருப்பார். நிருபருக்கு வேலை போனது. ஒரு பேட்டியில் அவர் தன் தரப்பைச் சொன்னார். தன்னைத் தூக்கிக்கொண்டது அவர் காட்டிய மரியாதை என்றார். செய்தியில் தன்னை மார்புக்கு மேல்தான் காட்டுவதாக இருந்தது என்றும், தூரத்திலிருந்து எடுத்து வெளியே விட்டது கேமராக்காரரின் வேலை என்றும் சொன்னார்.

எல்லோரையும் போல நானும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்து, ஷேர் செய்தேன். இரண்டரை வருடம் கழித்துத்தான் அந்த ‘மார்புக்கு மேல்’ உறைத்தது. கேமரா ஒழுங்காக வேலை செய்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஆற்றின் நடுவே துணிச்சலாக நிற்கும் ஒரு நிருபர். யார்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது சட்டகத்துக்கு வெளியே. தினமும் நாம் பார்க்கும் வெள்ளம் அந்த ஒழுங்கான ஷாட்தான்.

*

2015-இன் சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது?

முதலில் கடலூர். நவம்பர் 9 அன்றே நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. தமிழ்ச் சேனல்கள் போனார்கள், காட்டினார்கள். நவம்பர் நடுவில் சென்னைப் புறநகர் மூழ்கியது. நவம்பர் கடைசி வாரத்தில் டெல்லிச் சேனல்களின் பேச்சு ஆமிர் கான் சொன்ன ஒரு கருத்தைச் சுற்றியே இருந்தது. இங்கே எல்லோரும் அதைச் சொல்லித் திட்டினோம். டிசம்பர் 1 வந்து, விமான நிலையம் மூடி, ஓடுதளத்தில் தண்ணீர் நின்ற பிறகுதான் சென்னை தேசியச் செய்தி. டெல்லியைத் திட்டுவது சுலபம். டெல்லிக்குச் சென்னை எப்படியோ, சென்னைக்குக் கடலூர் அப்படித்தான் என்பதை நாங்கள் வசதியாக விட்டுவிட்டோம்.

சரி, சென்னையிலேயே இருந்த தமிழ்ச் சேனல்கள்? சில சேனல்களின் அலுவலகங்களே ஈக்காட்டுத்தாங்கல் பக்கம். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஆறு மட்டும்தான். அப்படியிருந்தும் எங்கள் தெரு ஏன் திரைக்கு வரவில்லை என்பதை அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டிவி தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் விளக்கினான்.

நேரலைக்கு அப்போது இரண்டு வழி. ஒன்று ஓபி வேன். கூரையில் டிஷ், உள்ளே ஜெனரேட்டர். அது நிற்க மேடான, காய்ந்த இடம் வேண்டும். இன்னொன்று முதுகில் மாட்டும் பை. அதற்குள் பல கம்பெனி சிம் கார்டுகள் இருக்கும். ஒரே வீடியோவைத் துண்டுகளாக்கி எல்லா சிம் வழியாகவும் அனுப்பி மறுமுனையில் ஒட்டுவார்கள். சிம் வேலை செய்ய டவர் வேண்டும், டவருக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் போய் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் டவர் செத்துவிடும். ஆகவே நேரலை வருவது தண்ணீர் ஓரளவு இருக்கிற, ஆனால் டவர் இன்னும் உயிரோடு இருக்கிற இடத்திலிருந்து மட்டும். முழங்கால் தண்ணீரிலிருந்து நேரலை வரும். கழுத்துத் தண்ணீரிலிருந்து வராது.

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நாங்கள் சர்வர்களைக் கண்காணிக்கிற வேலையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம் இது: ஒரு சர்வரிலிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. அது நன்றாக இருக்கிறது, அல்லது எச்சரிக்கை அனுப்பவே முடியாத நிலையில் இருக்கிறது. ஆபீஸில் இந்த வித்தியாசத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறவன், அம்மா கேட்டபோது ‘ஒண்ணும் காட்டல’ என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த இரவு மௌனமானது டிவியில் எங்கள் தெரு மட்டுமில்லை. 1878-இல் தொடங்கிய ‘தி ஹிந்து’ நாளிதழின் சென்னை அச்சுப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வரவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. மறுநாள் பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்த்தார். மத்திய அரசின் செய்தி நிறுவனம் வெளியிட்ட புகைப்படத்தில் விமான ஜன்னலுக்குள் தெளிவான ஒரு நகரக் காட்சியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கண்டுபிடித்ததும் நீக்கினார்கள். சேனலின் லூப், ஒட்டுப்போட்ட ஜன்னல், பெங்களூரில் நான். யாருக்கும் வெள்ளம் தெரியவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

ஆனால் அந்தச் சிவப்புப் பட்டை உண்மையைத்தானே சொன்னது?

சொன்னது. 29,000 கன அடி. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். பெருக்கினால் விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடிக்கு 68 லாரி. ஏரியிலிருந்து வந்தது அது மட்டும். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாற்றில் சேர்ந்த தண்ணீர் தனி. அன்று தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் முழுக்கச் சைதாப்பேட்டை வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஏரியிலிருந்து நகரத்துக்கு வர அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்தச் சில மணி நேரம்தான் அன்றைக்கு இருந்த ஒரே சொத்து.

இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. அன்று ராத்திரி நான் போடவில்லை. சேனலிலும் யாரும் போட்டுக் காட்டி நான் பார்க்கவில்லை. கன அடி என்பது பொதுப்பணித் துறையின் அளவு. மதகைத் திறக்கிறவருக்கு அது போதும். தெருவில் இருப்பவருக்குத் தேவை வேறு மூன்று விவரம்: எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வரை, எவ்வளவு உயரம். ஒரு வரைபடம், அதன்மேல் ஒரு நீலக் கோடு. 1961-இன் பிளாஸ்டிக் தாள்.

சேனலில் இருப்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அரசு அப்படி ஒரு வரைபடத்தைக் கொடுக்காதபோது சேனல் தானாக ஒன்றைப் போட்டால் அது வதந்தியாகவும் ஆகலாம். 2005-இல் மும்பை ஜூஹுவில் அணை உடைந்தது, சுனாமி வருகிறது என்று பரவிய பேச்சில் ஓடி மிதிபட்டே பலர் இறந்தார்கள். அந்தப் பயம் நிஜம். ஆனால் பயந்தால் படத்தையும் குறைத்திருக்க வேண்டும். படகும் பேருந்தும் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை ஓடின. எப்போது எடுத்தது என்று அதில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கவிருந்து சாப்பாடும் போர்வையும் லாரி லாரியாக வந்ததற்கு அந்தப் படங்கள் பெரிய காரணம். நாலு நாள் வீட்டுக்குப் போகாமல், தன் வீடு என்ன ஆனதென்று தெரியாமல், ஈர ஷூவோடு பேசிய நிருபர்கள் இருந்தார்கள். நிவாரணத்துக்கு டிவி உதவியது. நிவாரணம் பிழைத்தவர்களுக்கு. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சென்னை வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. அதில் டிவியின் பெயர் கிடையாது, என்னைப் போன்றவர்களின் பெயரும் கிடையாது.

*

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நள்ளிரவு தாண்டி மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். எழுந்து காலைக் கீழே வைத்தபோதே கட்டிலுக்கடியில் தண்ணீர். அப்பாவையும் அம்மாவையும் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றினார். எதையும் எடுக்க நேரமில்லை. அடுத்த மூன்று நாள் பதினோரு பேர் அந்த மாடி வீட்டில், ஒரு கேஸ் சிலிண்டரில் இருந்தார்கள். அந்த மூன்று நாள் நான் பெங்களூரில், தன்னார்வலர்கள் இணையத்தில் போட்டிருந்த வரைபடத்தில் மூழ்கிய தெருக்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான தெருக்களை யார் யாரோ குறித்தார்கள். எங்கள் தெருவை யார் குறித்தார்கள் என்று தெரியாது. இரண்டாம் தேதி பார்த்தபோது அது சிவப்பாக இருந்தது.

நான்காம் தேதி ஓசூர், காஞ்சிபுரம் என்று சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவின் நாற்பது வருட டைரிகள் மாவாகியிருந்தன. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ரொம்ப நாள் கழித்து, பக்கத்து வீட்டம்மாவிடம் கதை சொல்லும்போது அம்மா, “பையன் டிவில ஒண்ணும் இல்லன்னான், அதான் படுத்துட்டோம்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கதையில் அது ஒரு வரி, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அப்பா கூடத்துச் சுவரில் ஒரு இடத்தை மட்டும் விடச் சொன்னார். தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில்: 2.12.15 காலை 4.10. மாடிப்படியில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்த நேரமாம். பக்கத்தில் நின்றால் அந்தக் கோடு என் மார்புக்கு வரும். 2024 ஆகஸ்டில், பேரிடர்க் காட்சிகளில் எடுத்த தேதியையும் நேரத்தையும் போடுமாறு தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டிவி சேனல்களுக்கு அறிவுறுத்தியது. செய்தியைப் படித்தபோது அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

2023 டிசம்பர் 3 இரவு, மிக்ஜாம் புயல். மறுபடியும் நான் பெங்களூரில், மறுபடியும் அம்மா போனில்.

“டிவில என்னடா சொல்றாங்க?”

டிவியை நான் போடவில்லை. ஏரி நீர்மட்டத்தையும் மழைக் கணக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “டிவிய விடும்மா. சுவத்துல அப்பா போட்ட கோடு இருக்குல்ல, அதுக்கு மேல இருக்கறத மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. இப்பவே.”

திட்டிக்கொண்டே போனார்கள். அந்த முறை தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. நடுராத்திரியில் டைரிப் பெட்டியைத் தூக்கவைத்து இடுப்பைப் பிடிக்கவைத்தேன் என்று அப்பா ஒரு வாரம் குறைபட்டுக்கொண்டார். 2015-க்குப் பிறகு எழுதிய டைரிகள் அவை, எட்டு வருடத்து எட்டு.